7.6 இருந்தும் ஏன் இரத்தம் ஏற்றவில்லை?

கேள்வி: ஊரில் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7.6. இரத்தம் ஏற்றத் தேவையில்லை என்கிறார் டொக்டர். ஆஸ்பத்திரியில் இரத்தம் இல்லாததால் அப்படிச் சொல்கிறாரா?
– வாசகி, ஸ்காபுறோ

பதில்: உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அம்மா ரொறன்ரோவில் படுத்திருந்தாலும் பெரும்பாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். முன்பெல்லாம் 10-க்குக் கீழே இறங்கினாலே ஏற்றிவிடுவார்கள். 1999இல் கனடா மருத்துவர் போல் ஹெபர்ட்டின் குழு இது தேவையா என்று 838 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் சோதித்தது. 7-க்குக் கீழே இறங்கும்வரை பொறுத்ததால் இறப்பு கூடவில்லை. இதய அறுவைச் சிகிச்சையிலும் 7.5 வரை பொறுக்கலாம் என்று ரொறன்ரோ செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனை முன்னின்று நடத்திய ஆய்வு 2017இல் காட்டியது.

ஆனால் எண் மட்டும் போதாது. போனில் அம்மாவிடம் கேளுங்கள்: கட்டிலில் இருந்து எழும்பினால் தலை சுற்றுகிறதா? நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு நோகிறதா? மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் உடனே டொக்டருக்குத் தெரிய வேண்டும். அப்போது கணக்கே வேறு.

ஒரு பை இரத்தம் ஏற்றினாலும் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம்தான் கூடும். வயதானவர்களுக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டொக்டரிடம் நீங்கள் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரத்தம் ஏன் குறைந்தது?