ஏ0-வும் ஏ3-யும் இடம் மாறினால்: ஒரு 8088 கணினிக்கு மறுவாழ்வு

8086 லேபில் "இன்" இன்ஸ்ட்ரக்‌ஷனை எத்தனை தடவை எழுதியிருப்பீங்க? 8255-இன் போர்ட் அட்ரஸை ரெக்கார்ட் நோட்டில் பார்த்து அப்படியே டைப் செய்து, எல்ஈடி எரிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்திருப்போம். அந்த அட்ரஸ் ஏன் அந்த எண்ணாக இருக்கிறது, வேறு எண்ணாக இருந்தால் புரோகிராமின் வேகம் மாறுமா என்று யாரும் கேட்பதில்லை. வைவாவிலும் கேட்க மாட்டார்கள். ஆனால் மாறும். இரண்டு அட்ரஸ் லைனை ஒன்றுக்கொன்று மாற்றிப் பற்றவைத்ததால் வேகமெடுத்த ஒரு கார்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணினியைப் பார்ப்போம். ஐபிஎம் 5155, அதாவது ஐபிஎம் போர்ட்டபிள் பிசி. 1984-இல் வந்தது. பெயர்தான் போர்ட்டபிள், எடை 13 கிலோவுக்கு மேல்! தையல் மெஷின் பெட்டி மாதிரி கைப்பிடி வைத்த ஒரே பெட்டிக்குள் 9 இன்ச் ஆம்பர் திரை, இரண்டு 360 கேபி ஃபிளாப்பி டிரைவ், 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8088 எல்லாம் அடக்கம். உள்ளே இருப்பது ஐபிஎம் எக்ஸ்டியின் அதே மதர்போர்டு. ஹார்டு டிஸ்க் அதனுடன் வராது. வேண்டுமென்றால் கன்ட்ரோலர் கார்டும் எம்எஃப்எம் டிஸ்க்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். அந்த டிஸ்க்குகள் இன்றைக்கு நாற்பது வயதை நெருங்கிவிட்டன. பல சுழல்வதே இல்லை, சுழல்கிறவற்றையும் நம்பி எதையும் வைக்க முடியாது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் ஒரு 5155, டிஸ்க் இல்லாத ஒரே காரணத்தால் ஷோகேஸ் பொம்மையாகிவிடுகிறது.

இதற்குத்தான் பழைய கணினி ஆர்வலர்கள் சேர்ந்து எக்ஸ்டி-ஐடிஇ என்ற கார்டை வடிவமைத்தார்கள். 8 பிட் ஸ்லாட்டில் செருகினால் ஐடிஇ டிஸ்க்கையோ, அடாப்டர் வைத்து காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டையோ இணைக்கலாம். அந்தக் கார்டின் முதல் பதிப்பில், அதாவது ரெவ் 1-இல், செய்யும் மாற்றம்தான் நமது பாடம்.

சிக்கல் எங்கே என்று பார்ப்போம். ஐடிஇ டிஸ்க்கின் டேட்டா ரெஜிஸ்டர் 16 பிட். 8088-இன் வெளிப்புற டேட்டா பஸ் 8 பிட். டிஸ்க்கை ஒருமுறை படித்தால் 16 பிட்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். 8 பிட்டைத்தான் பஸ்ஸில் அனுப்ப முடியும். மீதி 8 பிட்டை எங்கேயாவது பிடித்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு லாட்ச். ஆக, கார்டு 16 போர்ட்டுகளை எடுத்துக்கொள்கிறது. தொடக்க அட்ரஸிலிருந்து எண்ணினால் 0-ஆம் போர்ட்டில் டேட்டாவின் கீழ் பைட், 1 முதல் 7 வரை டிஸ்க்கின் மற்ற ரெஜிஸ்டர்கள், 8-ஆம் போர்ட்டில் லாட்ச், அதாவது மேல் பைட். ஏ3 லைன் 0 என்றால் முதல் பாதி, 1 என்றால் இரண்டாம் பாதி. வடிவமைப்பாகப் பார்த்தால் சுத்தமாக, பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.

இப்போது இதைப் படிக்க புரோகிராம் எழுதுங்கள். 0-இலிருந்து கீழ் பைட்டை ஏஎல்-க்குள் எடுக்க வேண்டும். டிஎக்ஸை 8-க்கு நகர்த்த வேண்டும். எடுத்ததை ஏஎச்-இல் ஒதுக்கி வைத்து, மேல் பைட்டை ஏஎல்-க்குள் எடுக்க வேண்டும். டிஎக்ஸைப் பழையபடி 0-க்குக் கொண்டுவர வேண்டும். ஏஎல்-ஐயும் ஏஎச்-ஐயும் இடம் மாற்றி, மெமரியில் எழுத வேண்டும். நேராக எழுதினால் 7 இன்ஸ்ட்ரக்‌ஷன், மொத்தம் 11 பைட்.

"7 இன்ஸ்ட்ரக்‌ஷன்தானே, என்ன பெரிய விஷயம்" என்று தோன்றும். 8088-இல் அது பெரிய விஷயம்தான். இந்த பிராசஸரில் கேஷ் கிடையாது. 4 பைட் பிடிக்கும் ஒரு சின்ன வரிசை மட்டும் உண்டு. ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷன் பைட்டும் அதே 8 பிட் பஸ் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு பைட்டுக்கு ஒரு பஸ் பயணம், ஒரு பயணத்துக்குக் குறைந்தது 4 கிளாக். 11 பைட் கோடு, அதோடு டேட்டாவுக்காக 4 பயணம் (போர்ட்டிலிருந்து 2, மெமரிக்கு 2). மொத்தம் 15 பயணம், 60 கிளாக். இதில் உண்மையான வேலை 16 கிளாக்தான். மீதி 44 கிளாக்கும் "அடுத்து என்ன செய்யணும்" என்று பிராசஸர் கேட்டுத் தெரிந்துகொள்வதிலேயே போய்விடுகிறது. இங்கே டிஸ்க் மெதுவாக இல்லை. காம்பாக்ட் ஃபிளாஷ் எப்போதோ தயாராகிக் காத்துக்கொண்டிருக்கிறது.

சரி, 8088-க்கு 16 பிட் "இன்" இருக்கிறதே? "இன் ஏஎக்ஸ், டிஎக்ஸ்" என்று எழுதலாம். பஸ் 8 பிட்தான் என்பதால் பிராசஸரே அதை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது: முதலில் டிஎக்ஸ் சொல்லும் போர்ட், உடனே அதற்கு அடுத்த போர்ட். முதலில் வந்தது ஏஎல், அடுத்து வந்தது ஏஎச். லிட்டில் எண்டியன் என்று படித்தோமே, அதேதான். நமக்குத் தேவையான வேலையை பிராசஸர் ஏற்கெனவே தானாகச் செய்யத் தயாராக இருக்கிறது. ஒரே தடை, மேல் பைட் 1-இல் இல்லாமல் 8-இல் உட்கார்ந்திருக்கிறது.

8-ஐ 1 ஆக்குவது எப்படி? பைனரியில் எழுதிப் பாருங்கள். 8 என்பது 1000. 1 என்பது 0001. ஏ3 பிட்டையும் ஏ0 பிட்டையும் இடம் மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். புது சிப் வேண்டாம், புது பலகை வேண்டாம். பஸ்ஸின் ஏ0 லைன் கார்டில் ஏ3 போக வேண்டிய இடத்துக்கும், ஏ3 லைன் ஏ0 போக வேண்டிய இடத்துக்கும் போனால் போதும். இதற்குப் பிறகு "இன் ஏஎக்ஸ், டிஎக்ஸ்", தொடர்ந்து மெமரியில் எழுத "ஸ்டாஸ்டபிள்யூ", அவ்வளவுதான். 2 பைட் கோடு, 4 டேட்டா பயணம். 60 கிளாக் இருந்த இடத்தில் 24 கிளாக். ஒரு செக்டரில் 256 வேர்டு இருப்பதால் செக்டருக்கு 9216 கிளாக் மிச்சம். 4.77 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1.9 மில்லிசெகண்ட். 1 எம்பி படித்தால் கிட்டத்தட்ட 4 நொடி. இது காகிதக் கணக்கு. நிஜத்தில் வெயிட் ஸ்டேட், டிராம் ரெஃப்ரெஷ், லூப் திரும்பும் நேரம் எல்லாம் இரண்டு பக்கமும் கூடும், இன்ஸ்ட்ரக்‌ஷனை நிறைவேற்றும் நேரமும் கொஞ்சம் உண்டு. ஆனாலும் வித்தியாசம் பெரிதுதான். 8088-ஐக் கழற்றி அதே சாக்கெட்டில் என்ஈசி வி20-ஐப் போட்டவர்களுக்கு இன்னும் யோகம். "ரெப் இன்எஸ்டபிள்யூ" என்ற ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன் முழு செக்டரையும் இழுத்துவிடும், நடுவில் கோடு படிக்கும் பயணமே இல்லை.

எழுதும்போது இந்த வசதி கிடைக்காது, ஏன் என்று கொஞ்சம் யோசியுங்கள். படிக்கும்போது கீழ் பைட்டைத் தொட்டதும் டிஸ்க் 16 பிட்டையும் கொடுக்கிறது, மேல் பைட் லாட்ச்சில் காத்திருக்கிறது. எழுதும்போதும் கீழ் பைட்டைத் தொட்டதும்தான் 16 பிட்டும் டிஸ்க்குக்குப் போகும். அப்படியானால் மேல் பைட் அதற்கு முன்பே லாட்ச்சில் இருந்தாக வேண்டும். ஆனால் "அவுட் டிஎக்ஸ், ஏஎக்ஸ்" கீழ் பைட்டைத்தான் முதலில் அனுப்பும். வரிசை தலைகீழ். அதனால் எழுதும்போது பழையபடி மேல் பைட்டை முதலில், கீழ் பைட்டைப் பிறகு என்று ஒவ்வொன்றாகத்தான் அனுப்ப வேண்டும். இந்தக் கணினி எழுதுவதைவிடப் படிப்பதுதான் பல மடங்கு அதிகம் என்பதால், என்னைக் கேட்டால் இது நல்ல பேரம்.

இனி கை வேலை. ஸ்லாட்டில் செருகும் கார்டின் விளிம்பில், உதிரிப்பாகங்கள் இருக்கும் பக்கத்தில், 31-ஆவது முனை ஏ0, 28-ஆவது முனை ஏ3. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து இரண்டு லைனும் எங்கெல்லாம் போகின்றன என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். அவசரப்பட்டு விளிம்புக்குப் பக்கத்திலேயே கத்தியை வைத்துவிடாதீர்கள். ஏனென்றால் அதே இரண்டு லைன்களும் கார்டில் இருக்கும் ஈஈபிராம் சிப்புக்கும் போகின்றன. கணினியின் பயாஸ் தொடக்கத்தில் கார்டுகளின் ராமைத் தேடும்போது, முதல் பைட் 55, இரண்டாவது பைட் ஏஏ என்ற ஹெக்ஸ் அடையாளத்தைப் பார்க்கும். ஈஈபிராமுக்கும் லைன் மாறிப்போனால், 1-ஆவது இடத்தைக் கேட்கும் பயாஸுக்கு 8-ஆவது இடத்தில் இருப்பது கிடைக்கும். வெளியே புரோகிராமரில் எழுதிக் கொண்டுவந்த சிப்பில் அடையாளம் பொருந்தாது, கார்டு இருப்பதே தெரியாமல் பயாஸ் கடந்துபோய்விடும். ஆகவே ஈஈபிராமுக்கான கிளை அப்படியே இருக்கட்டும். ஐடிஇ பக்கத்துக்கும் டீகோடருக்கும் போகும் கிளையில் மட்டும் இரண்டு ட்ரேஸையும் வெட்டி, மெல்லிய ஒயரால் குறுக்கே பற்றவையுங்கள். பவர் போடுவதற்கு முன் பக்கத்து லைன்களோடு ஷார்ட் இல்லை என்று மீட்டரால் பாருங்கள்.

பலகையை மாற்றினால் சாஃப்ட்வேரையும் மாற்றியாக வேண்டும். இதை விட்டால் என்ன ஆகும்? மாறாத புரோகிராம், "நீ யார்" என்று டிஸ்க்கைக் கேட்கும் 236-ஆம் எண் கமாண்டை 7-ஆம் போர்ட்டுக்கு அனுப்பும். 7 என்பது 0111. பிட்டுகள் மாறியதும் அது 1110, அதாவது 14. அங்கே இருப்பது டிவைஸ் கன்ட்ரோல் ரெஜிஸ்டர். 236 பைனரியில் 11101100. வலமிருந்து மூன்றாவது பிட் 1. அந்த ரெஜிஸ்டரில் அந்த பிட்டுக்கு "ரீசெட்" என்று பொருள். யார் நீ என்று கேட்கப்போய், டிஸ்க்கை மயக்கத்தில் தள்ளிவிடுகிறோம்! திரையில் "டிரைவ் இல்லை" என்று வரும், நீங்கள் சால்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸோடு வரும் எக்ஸ்டிஐடிஇசிஎஃப்ஜி என்ற புரோகிராமை ஃபிளாப்பியிலிருந்து ஓட்டி, கார்டு வகையை ரெவ் 1-இலிருந்து ரெவ் 2-க்கு மாற்றி, ஈஈபிராமில் எழுதிவிடுங்கள். பின்னால் வந்த ரெவ் 2 பலகையில் இந்த இடமாற்றம் உள்ளேயே இருக்கிறது, அதனால்தான் அந்தத் தேர்வு. வேண்டிய ஃபைல்கள் ஏற்கெனவே காம்பாக்ட் ஃபிளாஷில் இருந்தால், கத்தியை எடுப்பதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் எக்ஸ்டி-சிஎஃப் கார்டே எளிது. காம்பாக்ட் ஃபிளாஷை 8 பிட் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதில் லாட்ச்சே தேவையில்லை. ஆனால் சாதாரண ஐடிஇ டிஸ்க்குகளில் பெரும்பாலானவை அதில் ஓடாது. ரெவ் 1 கையில் இருந்தால் ஒயரும் ஒரு மாலை நேரமும்தான் செலவு.

கடைசியாக இரண்டு விஷயம். அந்தக் கால ஐபிஎம் பலகைகளில் டேன்டலம் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆகி வெடிப்பது சகஜம். பல வருடம் தூங்கிய 5155-க்குப் பவர் கொடுக்கும் முன் 12 வோல்ட், 5 வோல்ட் லைன்களைத் தரையோடு அளந்து பாருங்கள், முகத்தைப் பலகைக்கு மேல் நீட்டாதீர்கள். திரைக்குழாயின் பக்கம் கையே வேண்டாம். இரண்டாவது, எக்ஸ்டி மதர்போர்டில் 8-ஆவது ஸ்லாட் மட்டும் தனி ரகம். அங்கே செருகிய கார்டு "நான்தான் பேசுகிறேன்" என்று ஒரு லைனில் சொல்ல வேண்டும், சொல்லாத கார்டின் டேட்டா பிராசஸரை அடையாது. எல்லாம் சரியாகச் செய்தும் கார்டு தெரியவில்லை என்றால், சால்டரிங் அயர்னைத் திரும்பச் சூடாக்குவதற்கு முன் அது எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.