நான்கு 'இல்லை'கள்

நுழையும் முன்

வென்றவருக்குப் பரிசு கிடைப்பது இயல்பு. எல்லாப் போட்டிகளிலும் வென்ற பின்னும் எதிர்பார்த்த பெருமை கிட்டாவிட்டால், அவ்வெற்றியின் மதிப்பு குறைந்துவிடுமா? அமெரிக்காவில் 1932ஆம் ஆண்டு ஒரு சிறிய கல்லூரி அணிக்கு நேர்ந்ததைப் படித்து, நீங்களே விடை காணுங்கள்.

ஊரும் கல்லூரியும்

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் ஹாமில்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1819ஆம் ஆண்டு ஒரு கல்லூரி தோன்றியது. பதின்மூன்று பேர், பதின்மூன்று டாலர், பதின்மூன்று வேண்டுதல்கள் ஆகியவற்றைக் கொண்டு அது தொடங்கப்பட்டது என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆகவே, பலர் தீய எண்ணாகக் கருதும் பதின்மூன்று அங்கே நல்ல எண்ணாயிற்று. சோப்புத் தொழிலில் செல்வம் ஈட்டிய ஒரு குடும்பம் அக்கல்லூரிக்குத் தொடர்ந்து பொருளுதவி செய்தது. அதனால் 1890ஆம் ஆண்டு அக்குடும்பத்தின் பெயரே கல்லூரிக்குச் சூட்டப்பட்டது. அப்பெயர் கோல்கேட். பற்பசைக் குழாயில் நாம் காணும் பெயரும் அதுவே.

1929ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. வங்கிகள் மூடப்பட்டன, ஆலைகள் நின்றன. 1932இல் உழைக்கக்கூடியவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. நகரங்களில் இலவச ரொட்டிக்காக மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் கோல்கேட் அணி களமிறங்கியது.

ஆட்டமும் ஆசிரியரும்

அமெரிக்கக் கால்பந்து, நாம் அறிந்த கால்பந்து அன்று. இதில் பந்து முட்டை வடிவில் இருக்கும். அணிக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியவும் செய்யலாம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். அக்காலத்தில் தாக்குவதற்கும் தடுப்பதற்கும் தனித்தனி ஆட்டக்காரர்கள் இல்லை. முன்னேறிக் களைத்த அதே பதினொருவரே தடுத்தும் ஆட வேண்டும்.

அணியின் பயிற்றுநர் ஆண்டி கெர். அவர் 1929ஆம் ஆண்டு கோல்கேட்டில் பொறுப்பேற்றார். பந்தை முன்னோக்கி எறிய விதிகள் பல தடைகளை வைத்திருந்தன. பக்கவாட்டிலோ பின்னோக்கியோ எறிய அத்தகைய தடை இல்லை. இதனைக் கெர் நன்கு பயன்படுத்தினார். பந்துடன் ஓடுபவர் பிடிபடும் வேளையில் அருகில் ஓடிவரும் தோழருக்கு அதைத் தள்ளிவிடுவார். அவர் பிடிபடுமுன் மற்றொருவருக்குக் கொடுப்பார். பந்து எவர் கையில் உள்ளது என்பதை அறியாமல் எதிரணியினர் திகைப்பர். தனியொருவரின் வலிமையை விட, தோழர் தக்க இடத்தில் இருப்பார் என்னும் நம்பிக்கையே இவ்வாட்டத்திற்கு அடிப்படை.

ஒன்பது போட்டிகள்

அப்பருவத்தில் கோல்கேட் ஒன்பது போட்டிகளில் ஆடியது. நயாகராவை 47–0 எனவும், செயின்ட் லாரன்ஸை 41–0 எனவும், பென் ஸ்டேட்டை 31–0 எனவும் வென்றது. பெருநகரத்து நியூயார்க் பல்கலைக்கழகத்தை 14–0 எனவும், நெடுநாள் போட்டியாளரான சிராக்யூஸை 16–0 எனவும் வீழ்த்தியது. நவம்பர் 24, நன்றி நவிலும் நாளன்று, பிரவுன் பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டது. பிரவுன் அணியும் அதுவரை ஏழு போட்டிகளிலும் வென்றிருந்தது. அப்போட்டியிலும் கோல்கேட் 21–0 என வென்றது.

ஒன்பது போட்டிகளிலும் கோல்கேட் பெற்ற புள்ளிகள் 264. எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து பெற்றவை சுழியம்.

வராத அழைப்பு

கலிபோர்னியாவின் பசடேனா நகரில் புத்தாண்டையொட்டி நடைபெறும் 'ரோஸ் பவுல்' போட்டியே அந்நாளில் கல்லூரி அணிகளின் பெருங்கனவு. மேற்குக் கரையின் சிறந்த அணி, தன்னுடன் மோதும் அணியைத் தேர்ந்தெடுத்து அழைக்கும். கோல்கேட் மாணவர்கள் அழைப்பை எதிர்பார்த்தனர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமோ பிட்ஸ்பர்க் அணியை அழைத்தது.

பிட்ஸ்பர்க் இரு போட்டிகளைச் சமனில் முடித்திருந்தது. எனினும், நாட்ரடேம், ராணுவக் கல்லூரி போன்ற புகழ்பெற்ற அணிகளை அது வென்றிருந்தது. கோல்கேட் வென்ற அணிகளுள் பல சிறியவை. எனவே, அத்தேர்வுக்கும் காரணம் இருந்தது. 1933 ஜனவரி 2ஆம் நாள் நடந்த போட்டியில் பிட்ஸ்பர்க் 0–35 எனத் தோற்றது. கோல்கேட் சென்றிருந்தால் வென்றிருக்குமா என்பதை எவராலும் கூற இயலாது.

தோல்வி இல்லை; சமன் இல்லை; எதிரணிக்குப் புள்ளி இல்லை; அழைப்பும் இல்லை. இந்நான்கு 'இல்லை'களால்தான் அவ்வணி அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் இன்றும் நினைக்கப்படுகிறது. முதல் மூன்றும் அவர்கள் உழைப்பால் வந்தவை. நான்காவது பிறர் கையில் இருந்தது. ஹாமில்டனில் உள்ள விளையாட்டரங்கம் இன்று ஆண்டி கெர்ரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சொல்லும் பொருளும்

ஈட்டிய – சம்பாதித்த
கெஜம் – மூன்று அடி நீளம்
சமன் – வெற்றி தோல்வியற்ற நிலை
சுழியம் – பூச்சியம்

மொழிப்பயிற்சி

'தோற்காத அணி' என்பதில் 'தோற்காத' என்னும் சொல் எதிர்மறைப் பொருள் தந்து, 'அணி' என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. இது எதிர்மறைப் பெயரெச்சம். அதன் இறுதி எழுத்தாகிய 'த' கெட்டு வந்தால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் எனப்படும்.
எ.கா.: அழியாத புகழ் – அழியாப் புகழ்

பின்வருவனவற்றை அவ்வாறே மாற்றுக.
1. வாடாத பூ
2. குறையாத செல்வம்
3. மாறாத பற்று

மதிப்பீடு

1. கோல்கேட் என்னும் பெயர் கல்லூரிக்கு எவ்வாறு வந்தது?
2. பக்கவாட்டில் பந்தை எறியும் முறை எதிரணியை எவ்வாறு திகைக்கச் செய்தது?
3. பிட்ஸ்பர்க் அணியை அழைத்தது முறையா? இருபக்கக் கருத்துகளையும் எழுதி, உம் முடிவைக் கூறுக.
4. உழைப்பு இருந்தும் பாராட்டுக் கிடைக்காத ஒருவரை நீர் அறிவீரா? வீட்டிலோ பள்ளியிலோ கண்டதைப் பத்து வரிகளில் எழுதுக.