நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஷேடு போட்டால் வீடு இருட்டாகுமா?

"ஷேடா? அது எதுக்குண்ணே, வெளிச்சம் கம்மியாயிடும்." கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் லேம்ப் ஷேடு கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் இது. அதை நம்பித்தான் பல வருடம் கூடத்தில் மொட்டை பல்பையே தொங்கவிட்டிருந்தேன்.

நம்பிக்கை போனது சித்தியால். தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், ஒரு கையை நெற்றியில் குடை மாதிரி பிடித்துக்கொண்டு மறு கையால் கல் பொறுக்கினார். "கண்ணு கூசுதுடா, கல்லு எது அரிசி எதுன்னே தெரியல." பல்பு என்னவோ 9 வாட்தான். ஆனால் கண்ணுக்குள் நேரே விழுகிற ஒளி உள்ளேயே சிதறித் திரை போட்டுவிடும். அப்புறம் முறத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தும் புண்ணியமில்லை.

அதே பல்பைக் கொஞ்சம் கீழே இறக்கி, உள்பக்கம் வெள்ளையடித்த கூம்பு ஷேடு ஒன்றை மாட்டினேன். கூரைக்கும் சுவருக்கும் போய்க்கொண்டிருந்த ஒளி முறத்துக்கு வந்தது. அறை மொத்தமாகப் பார்த்தால் வெளிச்சம் குறைவுதான். கடைக்காரர் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் நாம் கல் பொறுக்குவது கூரையில் இல்லையே. பல்புக்கும் முறத்துக்கும் உள்ள தூரம் பாதியானால் அங்கே விழும் ஒளி கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஷேடு வாங்கும்போது வெளிப்பக்கப் பூவேலையைப் பார்ப்பதற்கு முன் உள்ளே கவிழ்த்துப் பாருங்கள். வெள்ளை திருப்பித் தரும்; கறுப்பும் அடர்சிவப்பும் விழுங்கிவிடும்.

சாப்பாட்டு மேஜைக்கு மேல் 30 அங்குலத்தில் ஷேடு தொங்க வேண்டும் என்று வீட்டு அலங்காரப் புத்தகங்கள் சொல்லும். நாற்காலிக்காரர்களுக்குச் சரி. பாய் விரித்துச் சாப்பிடுகிற வீட்டில் எல்லோருடைய கண்ணும் ஷேடின் வாய்க்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் மாட்டும்முன் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். பல்பு தெரிந்தால் அந்த ஷேடு ஆழம் போதாது.

"எல்இடி சூடாவாது, எதுக்குள்ள வேணும்னாலும் வைக்கலாம்." பாதி உண்மை. குண்டு பல்பு, தின்கிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வெளிச்சமாக்காது; மீதி சூடு. காகிதம், துணி, மூங்கில் ஷேடுக்குள் அதை வைப்பது ஆபத்துதான். எல்இடியில் அந்தப் பயம் வெகு குறைவு. ஆனால் எரிந்துகொண்டிருக்கும்போது ஹோல்டரை ஒட்டிய கழுத்துப் பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். அதன் உயிர்நாடியான மின்சுற்று அங்கேதான் இருக்கிறது. மேலும் கீழும் மூடிய கண்ணாடி உருண்டைக்குள் அது வெந்து சீக்கிரம் போய்விடும். திட்டு வாங்குவது பல்பு கம்பெனி. மேலே காற்று போக வழியுள்ள ஷேடு போதும்.

ஜீரோ வாட் பல்பு கரண்டே எடுக்காது என்பார்கள். பழைய குண்டு ஜீரோ வாட் 15 வாட் வரை எடுத்தது. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் ஊர் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வேலைப்பாட்டில் ஒரு ஷேடு செய்து மாட்டினால் சுவரெல்லாம் கோலம் விழும் என்ற ஆசை எனக்கும் உண்டு. பால் நிற எல்இடி போட்டால் விழாது. அந்த பல்பு முழுக்கவே ஒளிர்வதால் நிழலின் ஓரங்கள் கரைந்து சுவரில் அழுக்குத் திட்டு மாதிரிதான் தெரியும். உள்ளே இழை தெரிகிற தெளிகண்ணாடி பல்பு போட்டுப் பாருங்கள், கொடியும் இலையும் ஓரளவு பிரிந்து விழும். அதன் கீழே படிக்க முடியாது. திண்ணைக்கோ நடைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

கல்வராயன் மலைக்குப் போனால் பேச்சு பூச்சிக்குத் திரும்பிவிடும். "மஞ்ச லைட்டு போட்டா பூச்சி வராது." குறையும், நிற்காது. நீலமும் புற ஊதாவும் கலந்த ஒளிக்குத்தான் அதிகம் வரும் என்பது உண்மை. 2024இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பூச்சிகள் விளக்கின் மேல் ஆசைப்பட்டு வருவதில்லை என்றது. ஒளி இருக்கும் பக்கத்துக்கு முதுகைத் திருப்புவது அவற்றின் சுபாவம். இரவில் வானம்தான் வெளிச்சம், அதுதான் மேல்பக்கம். பக்கத்தில் பல்பு எரிந்தால் மேல் எது கீழ் எது என்று குழம்பிச் சுற்றுகின்றன. ஆகவே பல்பின் நிறத்தோடு, மேலும் பக்கமும் ஒளி கசியாத ஷேடும் வேண்டும்.

இதையெல்லாம் அந்த மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒரு வீட்டில், மழை விட்ட சாயங்காலம், விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அக்கா கேட்டுக்கொண்டே ஓர் அன்னக்கூடையில் தண்ணீர் மொண்டு வந்து மொட்டை பல்புக்கு நேர் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஈசல் சிறகோடு சிறகாக அதில் விழத் தொடங்கியது.

"ஷேடு போட்டுட்டா வறுக்கறதுக்கு எங்கண்ணே போறது?"