பழைய வரவும் புதிய சட்டமும்: ஊர்காவற்றுறையில் தொழில் தொடங்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஊர்காவற்றுறையில் அலுவலகம் திறந்து வரி வேலையும் பார்க்கப்போகிறீர் என்று அறிந்து உண்மையாகவே சந்தோசப்பட்டேன். தீவகத்தில் வரிச் சட்டத்தரணிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். புங்குடுதீவாரும் நயினாதீவாரும் தலைமுறைகளாகக் கொழும்பில் கடை நடத்துகிறார்கள். இங்கே கடலட்டைப் பண்ணைகள் ஏற்றுமதியை நம்பி இருக்கின்றன. அந்தக் கணக்குகள் உம்முடைய மேசைக்கு வந்தே தீரும்.

பழைய சட்டத்தின் கீழ் சேர்ந்த வரி வரவு, புதிய சட்டம் வந்ததும் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர். இலங்கையில் 1998 ஏப்ரல் 1இல் புரள்வு வரி போய்ப் பொருட்கள் சேவைகள் வரி வந்தது. 2002 ஓகஸ்ட் 1இல் அதுவும் போய்ப் பெறுமதி சேர் வரி (வற்) வந்தது. 2020 ஜனவரி 1 முதல் பொருளாதார சேவைக் கட்டணம் இல்லை. ஆனால் வருமான வரியில் கழிப்பதற்கென்று சேர்ந்த அதன் மிச்சம் பலருடைய கணக்கில் நின்றது. 2025 ஒக்டோபர் 1இல் எஸ்வற் என்ற எளிமைப்படுத்தப்பட்ட வற் முறையும் எடுபட்டது. அதுவரை வரியைக் கையால் கட்டாமல் கொள்வனவு செய்த ஏற்றுமதியாளர், இப்போது கட்டிவிட்டு மீளப்பெறக் காத்திருக்கிறார்.

இந்தக் கேள்வி மிகக் கடுமையாக மோதப்பட்ட இடம் இந்தியா. அந்தத் தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. என்றாலும் வாதத்துக்கு உதவும். ஆகவே ஊன்றி வாசியும். 1999இல் ஐஷர் மோட்டார்ஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மூலப்பொருளுக்கு வரி கட்டியபோதே வரவுரிமை பிறந்துவிட்டது, அதைப் பின்னால் வந்த விதியால் அழிக்க முடியாது என்றது. இளம் சட்டத்தரணிகள் இதை வாசித்ததும் வழக்கு வென்றுவிட்டதாக நினைப்பார்கள். தமிழ்நாட்டு வற் சட்டத்தின் மீது வந்த ஜெயம் அன்ட் கோ (2016), ஏ.எல்.டி. ஆட்டோமோட்டிவ் (2018) தீர்ப்புகளையும் அதே நாளில் வாசிக்க வேண்டும். உள்ளீட்டு வரி வரவு சட்டம் தரும் சலுகை, அதன் நிபந்தனைக்கும் காலக்கெடுவுக்கும் உட்பட்டது என்று அவை சொல்கின்றன.

2017 ஜூலை 1இல் இந்தியாவில் பொருட்கள் சேவைகள் வரி (ஜி.எஸ்.டி.) வந்தபோது இந்த இரண்டு வழிகளும் நேருக்கு நேர் மோதின. பழைய வரவைக் கொண்டுவர ட்ரான்-1 என்ற படிவத்தை 90 நாளில் இணையத்தில் போட வேண்டும். கெடு நீடிக்கப்பட்டு 2017 டிசம்பர் 27இல் முடிந்தது. அந்த இணையத்தளம் பலருக்கு வேலை செய்யவில்லை. போட முயன்றதற்கு அடையாளம் வைத்திருந்தவர்களுக்குப் பின்னால் ஒரு வாசல் திறந்தது. மற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2020 மே 5இல் டில்லி உயர் நீதிமன்றம் மூன்று வருட அவகாசம் உண்டு என்றது. இரண்டு கிழமைக்குள், காலக்கெடு விதிக்க அதிகாரம் தரும் திருத்தத்தை அரசு 2017க்கே பின்னோக்கி நடைமுறைப்படுத்தியது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பி.ஆர். மணி எலக்ட்ரானிக்ஸ் வழக்கில், கெடு கட்டாயமானது என்றது. கடைசியில் 2022 ஜூலை 22இல் ஃபில்கோ டிரேட் சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தளத்தை எல்லோருக்கும் மறுபடி திறக்கச் சொன்னது. திறந்தது அந்த ஒக்டோபரிலும் நவம்பரிலும்.

ஃபில்கோ உத்தரவு நியாயமானது என்பது என் கருத்து. கட்டிய வரியை ஒரு படிவம் பிந்தியதற்காக அரசு விழுங்கக் கூடாது. ஆனால் ஐந்து வருடம் காத்திருக்கத் தெம்புள்ளவருக்குத்தான் அது நியாயமாக வந்து சேர்ந்தது. நெடுந்தீவிலோ வேலணையிலோ சிறு முதலோடு இருக்கும் உம்முடைய கட்சிக்காரரால் அப்படிக் காத்திருக்க முடியாது. ஆகவே அவரை நீதிமன்ற இரக்கத்தில் விடாதேயும். புதிய சட்டம் வந்தால் முதலில் அதன் இடைமாற்றுப் பிரிவை எடும். எந்த வரி பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாரும். இது ஏன் முக்கியம் என்றால், இந்தியாவில் கல்வி மேல்வரி மிச்சத்தை ஜி.எஸ்.டி.க்குக் கொண்டுவரலாம் என்று சதர்லண்ட் நிறுவனம் சென்னையில் 2019இல் வென்றது. 2020இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் தோற்றது.

இங்கே இறைவரித் திணைக்களத்தின் தளம் திறக்காவிட்டால் திரையைத் திகதியோடு படமெடுத்து, அன்றே பதிவுத் தபாலில் திணைக்களத்துக்கு எழுதும். மதிப்பீட்டு அறிவித்தலுக்கு எதிராக ஆணையாளர் நாயகத்திடம் மேன்முறையீடு செய்ய 30 நாட்கள்தான். அதன் பிறகுதான் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. சட்டப் பிரச்சினை இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம். வாடைக் காற்றில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாத நாட்கள் உமக்குத் தெரியும். கெடு படகுக்காக நிற்காது. நெடுந்தீவுக் கட்சிக்காரரிடம் கையெழுத்துகளையும் பில் மூலங்களையும் ஐப்பசிக்கு முன்னமே வாங்கி வையும்.

இந்தக் கிழமையே ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு கட்சிக்காரரையும் கூப்பிட்டு, 2025 செப்டம்பர் வரையான எஸ்வற் பத்திரங்களையும் அதற்குப் பிந்திய வரி பில்களையும் வேறு வேறு கோப்புகளில் போடச் சொல்லும்.

அன்புடன்,
உமது அண்ணா