தேதி பொது, விஷயம் சொந்தம்

செல்போன் பாடம்: குழுக் காலண்டரும் நம் குறிப்பு நோட்டும்



நம் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பால் கணக்கு, கேஸ் வந்த நாள், குழுக் கூட்டம், தவணைத் தேதி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் நகையை எவ்வளவுக்கு அடகு வைத்தோம், மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் யார் என்பதை அதில் எழுதுவோமா? மாட்டோம். அதற்குப் பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். சுவரில் எதை எழுதலாம், நோட்டில் எதை எழுதலாம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நமக்கே தெரியும்.

இப்போது இரண்டுமே செல்போனுக்குள் வந்துவிட்டன. கூட்டமைப்பின் வேலைத் தேதிகள் போன் காலண்டரில் வருகின்றன. சொந்தக் குறிப்புக்குத் தனியாக ஒரு ஆப் இருக்கிறது. "ரெண்டையும் சேர்த்துட்டா நல்லதுதானக்கா, கூட்டத் தேதி தானா நோட்டுல வந்துருமே" என்று பல ஊக்குநர்கள் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் யோசிக்காமல் சேர்த்தால் என்ன ஆகும் என்று என் அனுபவத்தையே சொல்கிறேன்.

எனக்கு நடந்தது

களப்பணிக்குப் போகும்போது பார்ப்பதை எல்லாம் ஒரு குறிப்பு ஆப்பில் எழுதி வைப்பேன். அதை அலுவலகக் காலண்டரோடு இணைத்தேன். இணைக்கும்போது திரையில் ஏதோ அனுமதி கேட்டது. படிக்காமலே "சரி" என்று அழுத்திவிட்டேன். அன்றிலிருந்து நான் தேதி போட்டு எழுதிய குறிப்பெல்லாம் அலுவலகக் காலண்டரிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் காலண்டரைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். ஒரு சகோதரியின் பெயர், அவர் வீட்டுப் பிரச்சினை, 181 மகளிர் உதவி எண்ணில் பேச நாங்கள் குறித்திருந்த நேரம் என எல்லாம் அதில் இருந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் படித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்குள் பேச்சு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "நான் ஒங்ககிட்ட மட்டுந்தானக்கா சொன்னேன்" என்றார். அந்த வார்த்தையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே சகோதரிகளே, நம் குறிப்பில் இருப்பது நம் ரகசியம் மட்டும் அல்ல. நம்மை நம்பிச் சொன்னவர்களின் ரகசியமும் அதில் இருக்கிறது.

ஒருவழிப் பாதை

கடலுக்குப் போகும் நாள் ஊருக்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதும், ஜூலை 26-இல் பனிமய மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5-இல் திருவிழா என்பதும் எல்லோருக்கும் பொது. ஆனால் மீன் நன்றாகப் பட்ட இடத்தை யாராவது கரையில் வந்து கூவுவார்களா? அது போலத்தான் இதுவும். வேலைத் தேதிகள் நம் குறிப்புக்குள் வரலாம். நம் குறிப்பு ஒருநாளும் வேலைக் காலண்டருக்குள் போகக் கூடாது. வருவது சரி, போவது கூடாது. இதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

செய்ய வேண்டியவை

1. இணைக்காமல் முடியுமா என்று முதலில் பாருங்கள். மாதத்துக்குப் பத்துத் தேதி என்றால் கையால் எழுத ஐந்து நிமிஷம் போதும். அதுவே எல்லாவற்றிலும் பத்திரம்.

2. குழுவுக்கென்று தனிக் காலண்டர் உருவாக்குங்கள். கூகுள் காலண்டரில் ஒரே கணக்கில் பல காலண்டர் வைக்கலாம். குழுக் காலண்டரை மட்டும் பகிருங்கள். உறுப்பினர்களுக்குப் பார்க்கும் அனுமதி போதும். திருத்தும் அனுமதி ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு மட்டும் இருக்கட்டும். அவர்கள் புதிதாக ஒன்றை எழுதும்போது, அது எந்தக் காலண்டரில் சேருகிறது என்று பார்த்த பிறகே சேமிக்க வேண்டும்.

3. "நீங்கள் எப்போது ஓய்வாக இருப்பீர்கள்?" என்று தெரிந்துகொள்ள உங்கள் சொந்தக் காலண்டரைக் கேட்கிறார்களா? வேலை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டி, விவரத்தை மறைக்கும் வசதி அதில் உண்டு. அதையே தேர்ந்தெடுங்கள்.

4. அனுமதி கேட்கும் திரையைப் படியுங்கள். "பார்க்க" என்று மட்டும் கேட்டால் ஒரு விதம். "பார்க்க, திருத்த, பகிர, நிரந்தரமாக அழிக்க" என்று கேட்டால் வீட்டுச் சாவியையே கேட்கிறது என்று அர்த்தம். இன்னொன்றும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப்புக்குக் காலண்டர் அனுமதி கொடுத்தால், போனில் இருக்கும் எல்லாக் காலண்டரையும் அது பார்க்க முடியும். குழுக் காலண்டரை மட்டும் என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை.

5. கூகுள் காலண்டரில் "ரகசிய முகவரி" என்று ஒரு இணைப்பு உண்டு. அது யார் கையில் கிடைத்தாலும் அந்தக் காலண்டர் முழுவதையும் பார்த்துவிடலாம். வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. தவறிப் போட்டிருந்தால் உடனே புது முகவரி மாற்றிக்கொள்ளுங்கள்.

6. காலண்டரில் தேதி, நேரம், இடம் மட்டும் எழுதுங்கள். "வீட்டுச் சந்திப்பு, காலை 11" என்றால் போதும். யார் வீடு, என்ன பிரச்சினை, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் நோட்டில் இருக்கட்டும். ஓடிபி, ஏடிஎம் பின் நம்பர், ஆதார் எண் ஆகியவற்றைக் காலண்டரிலும் எழுத வேண்டாம், குறிப்பு ஆப்பிலும் எழுத வேண்டாம்.

7. நம்மில் பலர் வீட்டில் ஒரே போன்தான். கணவர், பிள்ளைகள் எல்லோரும் எடுப்பார்கள். பூட்டிய திரையில் குறிப்பு தெரியாதபடி செட்டிங்ஸில் மறைத்து வையுங்கள். அப்படியும் பயமாக இருக்கும் விஷயத்தைப் போனில் எழுதாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் காகித நோட்டு இன்னும் பழையதாகிவிடவில்லை.

8. பொறுப்பு மாறும்போது, பழைய பிரதிநிதியின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும். வேண்டாத ஆப்பை போனிலிருந்து அழித்தால் மட்டும் போதாது. கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அதன் இணைப்பையும் துண்டியுங்கள். ஏற்கெனவே எடுத்துப் போன தகவல் அந்த ஆப்பிடம் இருக்கலாம். ஆகவே அதில் உள்ள உங்கள் கணக்கையும் அழித்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை நம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். ஒருமுறை "சரி" என்று அழுத்திவிட்டதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. "வேண்டாம்" என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவின் தேதிகளை யார் யார் பார்க்கிறார்கள்? அவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் வேண்டுமா?

• கடன் பாக்கி உள்ளவரின் பெயரைக் குரூப்பில் போடுவது சரியா? நம் பெயர் வந்தால் எப்படி இருக்கும்?

• ஒவ்வொருவரும் போனை எடுத்து, காலண்டர் அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லாததை அங்கேயே நிறுத்துங்கள். தெரியாதவருக்குத் தெரிந்தவர் சொல்லிக் கொடுங்கள். ஆனால் அவர் போனை நீங்கள் வாங்கிப் பார்க்காதீர்கள். அவர் கையிலேயே இருக்கட்டும்.

என்னிடம் வந்து மனசைத் திறந்து பேசிய அந்தச் சகோதரி இன்றும் நம் குழுவில்தான் இருக்கிறார். இந்த அனுபவத்தை எழுதலாமா என்று அவரிடம் கேட்டு, அவர் "எழுதுங்கக்கா, பேரு மட்டும் வேண்டாம்" என்று சொன்ன பிறகே எழுதினேன்.