தனித்து வாழும் முதியோரும் மறதி நோயும்



பிள்ளைகள் வெளியூரில் உத்தியோகத்திலிருக்க, திருவல்லிக்கேணியின் ஒண்டுக்குடித்தனங்களில் தனியே காலந்தள்ளும் முதியோர் நம்மிடையே உண்டு. அவர்களில் ஒருவருக்கு மறதி நோய் கண்டால் அதை முதலில் அறியக்கூடியவர் யார்?

மற்ற வியாதியஸ்தர் தாமே வைத்தியரைத் தேடிப் போவார். மறதி நோய் கண்டவரோ தமக்கு நோய் உண்டென்றே பெரும்பாலும் உணரார். தொலைபேசியில் விசாரிக்கும் மகனிடம், “சௌக்கியமாயிருக்கிறேன்” என்பார், அவனும் நம்பிவிடுவான். ஆகையால் முதலில் அறியக்கூடியவர் அயலாராகிய நீங்களே.

இந்நோய் அபூர்வமானதன்று. 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இதற்கு ஆளாகியிருக்கிறார்கள்.

அடையாளங்கள் எவை? அடுப்பில் வைத்த பாத்திரம் அடிக்கடி கருகும். ஒரே மாத்திரையை இருமுறை விழுங்குவார். காணாத பொருளை வேலைக்காரி திருடினாள் என்பார். கடைக்குப் போய் வாங்கவேண்டிய சாமானை மறப்பது எவருக்கும் உண்டு. வருஷக்கணக்காய் நடந்த தெருவில் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பது நோயின் அடையாளம்.

நீங்கள் செய்யவேண்டியவை:

1. பரிகசிக்காதீர்கள், வாதாடாதீர்கள். பொறுமையாய் மறுபடியும் சொல்லுங்கள்.

2. வைத்தியரிடம் அழைத்துப்போங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. “வயதானால் இப்படித்தான்” என்று விட்டுவிட்டால், குணமாகக்கூடியவரையும் கைவிட்டவர்களாவோம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கிற்று. கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய மையமும் திறக்கப்பட்டது.

3. கண்டதைத் தேதியோடு குறித்து, பிள்ளைகளுக்கு மறைக்காமல் அறிவியுங்கள். அவர்கள் தொலைபேசி எண்ணைப் பால்காரரும் மளிகைக் கடைக்காரரும் அறிந்திருக்கட்டும்.

4. விலாசமெழுதிய சீட்டொன்றை முதியவரின் பையில் வைத்திருக்கச் செய்யுங்கள். மாத்திரைகளை நாள்வாரியாய்ப் பிரித்துக் கொடுங்கள். அவரை வீட்டினுள் வைத்துப் பூட்டுவது பாதுகாப்பன்று; தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவார்?

5. ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

“அடுத்த வீட்டு விஷயத்தில் நாம் தலையிடலாமா?” என்று சிலர் தயங்கலாம். பெற்ற பிள்ளை தூரத்திலிருக்கையில், நாலாம் கற்பனையின் கடமையில் ஒரு பங்கு அருகிலிருப்பவரையும் சேரும். ஆனால் அவருடைய சம்மதம் கேட்டே எதையும் செய்யுங்கள். ஞாபகம் குறைந்தாலும் அவர் அந்த வீட்டுக்கு உரியவர். அவமானத்தை அவர் நன்றாய் உணருவார்.

உங்கள் தெருவில் இப்படித் தனித்திருப்பவர் யாரென்று இன்று குடும்பமாய் உட்கார்ந்து யோசியுங்கள். நாளைக்கே போய் விசாரியுங்கள்.