வானிலையும் வங்கிக் கடனும்

வங்கியின் சொத்து அதன் கட்டடமோ இரும்புப் பெட்டியோ அன்று. பிறர்க்குக் கொடுத்திருக்கும் கடன்களே அதன் சொத்தாகும். அக்கடன் திரும்பாவிடில் நட்டம் பணம் போட்டவர்களைச் சாரும். ஆதலின் வங்கிகளை ரிசர்வ் வங்கி மேற்பார்வையிடுகிறது. கிராமக் கடன் சங்கம் அதன் நேர் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. சங்கத்துக்குப் பணம் தரும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியோ 1966 மார்ச் 1 முதல் உட்பட்டதே.

நூறு பேருக்குக் கடன் கொடுத்தால், ஒருவர் நோயால் தவறுவார், மற்றொருவர் மாடு இறந்து தவறுவார், ஏனையோர் செலுத்துவர். இதுவே கடன் தொழிலின் பழைய கணக்கு. வறட்சியும் புயலும் இக்கணக்கைக் குலைத்துவிடுகின்றன. அவை நூறு பேரையும் ஒரே நாளில் தாக்கும். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவையென அறிவிக்கப்பட்டதை உழவர் மறந்திரார்.

உலகின் சராசரி வெப்பம், 1850–1900 காலத்தினும் 2011–2020இல் சுமார் 1.1 டிகிரி மிகுந்துவிட்டது. இத்தகைய இடர்கள் வங்கிகளையே அசைக்கக்கூடும் என்று 2015இல் இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் மார்க் கார்னி எச்சரித்தார். 2017இல் எட்டு மத்திய வங்கிகளும் மேற்பார்வை அமைப்புகளும் இதற்கென ஓர் இணையம் அமைத்தன. 2021இல் நமது ரிசர்வ் வங்கியும் அதிற் சேர்ந்தது. வானிலை இடரை வங்கிகள் கணக்கிட்டு வெளியிடுதற்கான வரைவு விதிகளை 2024 பிப்ரவரியில் அது வெளியிட்டது.

இதில் உழவர்க்கு ஓர் அச்சமும் உண்டு. இடரை மட்டுமே எண்ணும் வங்கி, கடலோர வட்டங்களுக்குக் கடன் கொடுக்கவே தயங்கும்; கடன் மிகத் தேவைப்படுவோர்க்கே கதவு அடைபடும். வேளாண்மைக்கு 18 விழுக்காடு கடன் தருதல் வேண்டும் என்னும் முன்னுரிமை விதி ஓரளவு காக்கும். ஆயினும் அந்த அளவைப் பாதுகாப்பான ஊர்களில் மட்டும் நிரப்பிவிடவும் இயலுமன்றோ!

ஆகவே இடர்க் கணக்கோடு நிவாரண விதியும் இணைந்திருத்தல் வேண்டும். 2018 அக்டோபரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த நெறிமுறைகளின்படி, பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டை எட்டினால் பயிர்க்கடனுக்குத் தவணை நீட்டிக்க இயன்றது. 50 விழுக்காட்டுக்குக் குறைந்த சேதத்துக்கு இரண்டாண்டு வரையிலும், அதற்கு மேற்பட்டால் ஐந்தாண்டு வரையிலும் காலம் தரப்பட்டது. முதல் ஓராண்டில் வசூல் இருக்கவில்லை. ஆனால் இடருக்கு முன்னரே தவணை தவறிய கடனுக்கு இச்சலுகை கிட்டவில்லை. இதனை அறியாது, ‘புயல் வந்தால் தள்ளுபடியாகும்’ என்று காத்திருந்து ஏமாந்தவர் உண்டு.

அந்நெறிமுறைகள் வெளிவந்த அடுத்த மாதமே, நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. நெல்லிழந்தவர் அடுத்த பருவத்தில் விதைக்கலாம். தென்னை இழந்தவர் என் செய்வார்? நாட்டுத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். நீண்ட காலக் கடனுக்கும் பொதுவாக ஐந்தாண்டுக்கு மேற்படலாகாது என்றே அவ்விதி கூறியது. மரம் காய்க்குமுன் தவணை முடிந்துவிடும். இவ்விதி நெல்லை எண்ணி எழுதப்பட்டது போலும்.

ஊராட்சி மன்றத்தார் இங்குக் கவனிக்க வேண்டுவது அடங்கல். சேதத்தை மதிப்பிடுபவர் அரசு அலுவலர். அவர் முதலில் பார்ப்பது அப்பதிவேடு. உண்மையில் பயிரிடுபவர் பெயர் அதில் இராவிடில், நிவாரணம் நிலவுடைமையாளரையே நாடும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வாய்மொழிக் குத்தகையே பல ஊர்களில் வழக்கம். அவ்வாறு பயிரிடுவோர் வங்கிக்குச் செல்ல இயலாது தனியாரிடம் வட்டிக்கு வாங்குகின்றனர். சேதம் எத்துணை விழுக்காடாயினும், தவணை நீட்டிக்குமாறு அந்தத் தனியாரைப் பணிக்கும் ஆணை ரிசர்வ் வங்கியிடம் இல்லை.